பாதியில் நின்ற பதில்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, அன்று பேச்சு சூடேறியதும் அவசர அவசரமாக இறுதிச் செபத்தைத் தொடங்கிவிட்ட தந்தை அவர்களே. பங்குப் பேரவைச் செயலர், மருந்துக்கடை ஐயா அவர்களே, இன்றும் அதே நாற்காலியில் அதே பக்கம் சாய்ந்து அமர்ந்திருப்பவரே. என் மகள் எழுந்து நின்றபோது மின்விசிறி சுற்றுவதை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மறைக்கல்விச் சகோதரி அவர்களே. "உக்காருடி, போதும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்த பாடகர் குழுத் தலைவி அவர்களே. ஓட்டிய பேருந்தைப் பணிமனையில் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தும் வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிட்ட என் மாப்பிள்ளையே. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களே, கேட்டும் கேளாதவர்போல் இருந்த பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

யாரையும் விட்டுவிட்டேனா? விடமாட்டேன். அன்று இந்த மண்டபத்தில் யார் எங்கே இருந்தீர்கள் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. எழுத்து கையில் தங்கவில்லை. அதனால் எல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது.

என் மகள் எழுதிய புத்தகப் பட்டியலைக் கொண்டு, அவள் பெயரால், இன்று வாசிப்பறை திறக்கிறீர்கள். "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்கம்மா" என்று பாடகர் குழுத் தலைவி காதோடு சொல்லித்தான் என்னை மேடையேற்றினார். சொல்லுவேன். நன்றிக்கு முன்னால் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. சிரிக்கிறீர்களா? இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குத் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டை அவள் மேசைக்கு வரும். வெளியே பளபளவென்றிருக்கும். அந்தப் பளபளப்பை அவள் நம்பமாட்டாள். கையை உள்ளே விட்டு உட்புறத்தை வெளியே இழுப்பாள். விளக்கடியில் பிடித்துத் தையல் ஓரத்தைச் சுண்டிப் பார்ப்பாள். பிரிவதாயிருந்தால் என் கையில் பிரியட்டும், உடுத்துகிறவர் தோளில் பிரிய வேண்டாம் என்பாள். அந்தக் கை, அந்தக் கண், அந்தக் கவனம். அதையேதான் அவள் தன் விசுவாசத்திலும் வைத்தாள்.

அவளுக்கு முதலில் பிறந்தது ஒரு பெண். ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் காயுமுன் கண்ணை மூடிவிட்டது. அப்போதிருந்த பழைய பங்குத்தந்தை, இறைவனின் சித்தம் என்றார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவள் மட்டும் கேட்டாள்.

"அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு ஃபாதர்? நான் படிக்கணும்."

கிண்டலுக்குக் கேட்டாளா? இல்லை. சண்டைக்குக் கேட்டாளா? இல்லை. தாகமெடுத்தவள் தண்ணீர் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள். அவர் நல்லவர். ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். கடவுள் இல்லை என்பவன் சொல்வது தவறு என்று அதில் பக்கம் பக்கமாக இருந்தது. அவன் என்னதான் சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. எதிராளியின் வாயைக் கட்டிவிட்டு வழக்கில் வெல்வது என்ன வெற்றி? அவன் எழுதியதைத் தேடிப் போனாள். அப்படிப் பிறந்தது பட்டியல்.

நம்புகிறவர் எழுதியது ஒன்று. அதற்கு நேராக, மறுக்கிறவர் எழுதியது ஒன்று. இரண்டும் சோடி. முதலில் மறுக்கிறவரை வாசிப்பாள். முழுதாக வாசிப்பாள். என்னைக் குறுக்கே பேசவிடமாட்டாள். அதன் பிறகுதான் பதில். மாப்பிள்ளை பேருந்து போகிற ஊரிலெல்லாம் பழைய புத்தகக் கடையில் புகுந்து, சட்டையெல்லாம் தூசியாக வருவார். கட்டிய மனைவிக்குப் பூ வாங்கிவர மறந்தாலும் தத்துவம் வாங்கிவர மறக்கமாட்டார். பாருங்கள், தலையைக் குனிந்துகொண்டார்.

வாசித்தது எங்கே தெரியுமா? என் அடுப்படியில். நான் காய் நறுக்குவேன், அவள் வாசிப்பாள். வேலை முடிந்து வந்த களைப்பிலும் வாசிப்பாள். நான் தூங்கிவிட்டால் அந்தச் சோடிக்குப் பட்டியலில் இடமில்லை என்று ஒரு விதி வைத்திருந்தாள். எத்தனை எத்தனை மேதைகளை நான் குறட்டையாலேயே வெளியேற்றியிருக்கிறேன்.

ஒருநாள் புத்தகத்தில் ஓர் அறிஞர் வந்தார். ஒன்றை இன்னொன்று அசைக்கிறது, அதை வேறொன்று அசைக்கிறது, அப்படியே பின்னால் போனால் எல்லாவற்றையும் முதலில் அசைத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும், அவரே கடவுள் என்றார். பஸ்ஸில் எல்லோரும்தான் தள்ளுகிறோம், முதலில் தள்ளினது நான்தான் என்று எவன் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. குழந்தை போனபிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

இன்னொரு நாள் வேறொருவர் வந்தார். தீமை என்பது தனியாக ஒரு பொருளே அல்ல, நன்மை இல்லாத வெற்றிடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"தொட்டில் வெறுமையா கெடந்துச்சே. அது ஒண்ணுமே இல்லையாடி?"

அவள் புத்தகத்தை மூடவில்லை. அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப் போயிற்று. அந்த நூல் பட்டியலில் இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள், இரண்டாம் தட்டில்.

பிறகு வந்தது அந்த நாள். வாசிப்பறைக்கு என்னென்ன புத்தகம் வாங்கலாம் என்று இந்த மண்டபத்தில் கூடினீர்கள். அவள் தன் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். செயலர் ஐயா எழுந்து வாசித்தார். மறுக்கிறவர்களின் பெயர் வர வர அவர் குரல் ஏறியது. இதையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று கேட்டார். உள்ளே திருப்பிப் பார்க்காத தையலை நம்பி எப்படி உடுத்துவது என்றாள் என் மகள். இது துணிக் கம்பெனி இல்லை, கோயில் என்றார் அவர். சிலர் சிரித்தீர்கள். யார் யார் என்று சொல்லவா? வேண்டாம், இருக்கட்டும். அதையும் அவள் தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு சொன்னாரே ஒரு சொல், அதைத்தான் தாங்கவில்லை.

"பாவம், பிள்ளையப் பறிகொடுத்த வேகத்துல எழுதியிருக்கு இந்தப் பொண்ணு. நாம இதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம்."

ஏசியிருக்கலாம். எதிர்த்திருக்கலாம். ஏட்டையே கிழித்து எறிந்திருக்கலாம். இரக்கப்பட்டுவிட்டார். அவள் தேடியதையெல்லாம், தெளிந்ததையெல்லாம், ஒரு தாயின் அழுகை என்று மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழுகிறவளுக்கு அறிவு இருக்கக் கூடாதா? கண்ணீர் வழிகிற கண்ணுக்குப் பார்வை இருக்கக் கூடாதா? கேட்டீர்களா ஒருவராவது? மின்விசிறி சுற்றியது. இறுதிச் செபம் தொடங்கியது.

அடுத்த ஞாயிறிலிருந்து திருப்பலியில் நான் ஒரு வேலை செய்தேன். ஆண்டவர் கற்பித்த செபத்தில், பிறரை மன்னிப்பதாக நாம் சொல்லுகிற வரி வரும் அல்லவா? அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அது முடிந்ததும் திறந்தேன். ஆண்டவர் முன் பொய் சொல்லக் கூடாது பாருங்கள். என் வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். அவளுக்கும் தெரிந்தது.

"ஒரு வரிய முழுங்கிட்டியேம்மா."

"பல்லு வலிடி."

"இருக்கிறதே நாலு பல்லு. அதுவுமா பொய் சொல்லுது?"

அதன் பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. வந்த நோய் போகிற நோயாக இல்லை. கட்டிலை அடுப்படிக்குப் பக்கத்திலேயே போட்டோம். பட்டியலில் கடைசிச் சோடி மிச்சமிருந்தது. இறந்தவரை மறுபடியும் காண்போமா என்பது பற்றி. மறுக்கிறவரை முதலில் எடுத்தாள். வேறு எதையாவது எடுடி என்றேன். விதி விதிதான் என்றாள்.

அவர் கெட்டிக்காரர், அந்த மறுக்கிறவர். அமைதியாகப் பேசினார். ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பேச்சு. அணைந்த விளக்கின் சுடர் எங்கே போயிற்று என்று கேட்பீர்களா, அதுபோலத்தான் இதுவும் என்றார். போனவர் போனவர்தான் என்றார். முழுதும் கேட்டேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எனக்கு உறக்கமும் வரவில்லை. பிறகு பதிலைத் தொடங்கினாள். மூச்சு வாங்க வாங்க வாசித்தாள். பதில் சொல்லுகிறவர் மெதுவாக, ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பகல் வேளை, பாதியில் நிறுத்தினாள். சட்டையில் தொங்குகிற அளவுச்சீட்டு ஒன்றை அடையாளத்துக்காக அந்தப் பக்கத்தில் செருகினாள்.

"மீதி நாளைக்கும்மா. ஞாயித்துக்கெழம அந்த வரியச் சொல்லிடு. எனக்காக."

பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்று பொழுது சாயுமுன் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செயலர் ஐயா வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. நின்றபடியே சட்டைப்பையிலிருந்து அவளுடைய பட்டியல் தாளை எடுத்தார். மடித்த இடமெல்லாம் நைந்து, அழுக்கேறி இருந்தது. பல தடவை பிரித்துப் பார்த்த தாள். அவர் மனைவி போய்ச் சேர்ந்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். என் மகளுக்கு இருந்த கேள்வி தமக்கும் இருந்தது என்றார். அதைப் பட்டியலில் பார்த்ததும் பயந்துவிட்டேன் என்றார். பிறகு என் மகளின் கட்டிலையும், அதன்மேல் அளவுச்சீட்டு செருகிய புத்தகத்தையும் பார்த்தார்.

"மீதிய நான் வாசிச்சுக் காட்டட்டுமாம்மா?"

வேண்டாம் என்றேன். மீதியை வாசிக்க ஆள் இருக்கிறது என்றேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மருந்துக்கடை ஐயா அவர்களே, இந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் சொல்லுகிறேன். உங்களை மன்னித்துவிட்டேன். முழு மனதோடு என்று சொன்னால் பொய். முக்கால் மனதோடு. மீதிக் கால்பங்கை ஆண்டவர் போட்டுக்கொள்ளட்டும், அவருக்கு வசதி உண்டு. கைதட்டாதீர்கள். அவசரச் செபத்தையும், சிரித்த சிரிப்பையும் மன்னித்தேன். மின்விசிறியை மன்னித்தேன். கையைப் பிடித்து இழுத்ததை மன்னித்தேன். படி தாண்டாத கால்களையும் மன்னித்தேன், அவளைக் கல்லறைவரை சுமந்த கால்கள் அவை.

என் அன்புக்குரியவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் அவள் சோடி சேர்த்ததைப் பிரித்துவிடாதீர்கள். பயந்து ஒன்றைப் பூட்டிவைக்காதீர்கள். கேள்விக்குப் பயப்படுகிற விசுவாசம் விசுவாசமா? காற்றுக்குப் பயந்து பெட்டிக்குள் ஒளித்த விளக்கு யாருக்கு வெளிச்சம்? உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டுக் கலங்கட்டும். கலங்கித் தெளியட்டும். தெளியாவிட்டாலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கலங்கட்டும். அழுதுகொண்டே கேட்கிறவளை அழுகிறாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்கிறாள் என்றும் எழுதுங்கள்.

அலமாரி செய்த ஆசாரிக்கும், புத்தகம் தந்த அனைவருக்கும், இந்தக் கிழவியின் பேச்சை நிறுத்தாமல் விட்ட தலைவருக்கும் நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை உங்களோடு சேர்ந்து உரக்கச் சொல்லுவேன். என் மகள் கேட்டாள், சொல்லுவேன். ஆனால் மனதுக்குள் ஒருத்தியை மட்டும் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொல்லுவேன். போனவர் வரமாட்டார் என்கிறவன் பேச்சைக் கடைசி வரிவரை கேட்கவைத்துவிட்டு, வருவார் என்கிறவர் பேச்சைப் பாதியில் மூடிவைத்துப் போனாளே, அவளை. அந்தப் புத்தகம் கட்டில்மேல் அப்படியே கிடக்கிறது. வேறு யாரையும் தொடவிடமாட்டேன். அவளே என் எதிரில் உட்கார்ந்து மீதியை வாசித்து முடிக்கிற நாள்வரை மன்னிக்க மாட்டேன்.

எல்லோருக்கும் வணக்கம். மன்னிக்காதது ஒருத்தியைத்தான். என் மகளை.