கயிறில்லாத முதல் ஏற்றம்

செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு, சார். மகிழ மரத்துக்குக் கீழே மரமல்லி என்று எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பொன்முடி எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பலகை தப்பாக நின்றதில்லை. என் பெண்டாட்டி பேச்சி சொல்லுவாள், உங்களுக்குச் செடியைவிடப் பலகைதான் செல்லப்பிள்ளை என்று. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாளைக்குக் காலையில் கல்லூரியில் கன்று நடுகிறோமே, அதற்கு நீங்கள் எழுதச் சொன்ன பலகையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். 'விபத்தில் மறைந்த மாணவர் வன்னியபெருமாள் நினைவாக, 1974.' பெயிண்ட் நன்றாக வந்திருக்கிறது. பெயரும் வருஷமும் சரி. அந்த முதல் சொல் மட்டும் உறுத்துகிறது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீங்கள் பிரின்சிபால், வேலை இருக்கும். ஆனாலும் சாயா வருகிற நேரத்துக்குள் சொல்லிவிடுவேன்.

எங்கள் அப்பாவுக்குச் சாலைக் கம்போளத்துக் கடைவீதியில் இரும்புக்கடை என்பது உங்களுக்குத் தெரியும். ஆணி, கீல், மண்வெட்டி, ரம்பம். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணி வரை தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் துருவாடை சோப்புப் போட்டாலும் போகாது. தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்றதும் வீடே சிரித்தது. புல் பிடுங்கவும் ஒரு காலேஜா என்று சித்தப்பா கேட்டார். கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார். இரண்டு வருஷம் படி, முடித்ததும் உத்தியோகத்தோடு வா, இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் கடையில் உட்கார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

கல்லூரி எனக்குப் பிடித்திருந்தது. புல்தரைக்கு எந்தப் பக்கம் சரிவு, எந்த மரத்தின் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும், பாதை எங்கே வளைந்தால் நடக்கிறவனுக்குச் சந்தோஷம் என்றெல்லாம் படம் போடுவதில் எனக்கு இணை யாரும் இல்லை. சிக்கல் என்னவென்றால், காகிதத்தில் நன்றாக வளர்ந்த செடி மண்ணில் என்னோடு ஒத்துழைக்காது. இந்தப் பலகையில் இருக்கிற வன்னியன் நேர்மாறு. அவன் விறகுக் குச்சியைக் குத்தி வைத்தாலும் துளிர்க்கும். நான் கட்டிய பத்து மா ஒட்டில் மூன்று பிழைத்தது, அவன் கட்டியதில் பத்தும் பிழைத்தது. நீங்கள்கூட ஒரு நாள் வகுப்பில் தமாஷாகச் சொன்னீர்கள். "கோமதி, உன் கை வரையறதுக்குடா. அவன் கை வளர்க்கறதுக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல சிநேகிதன். அப்பா இல்லாத பிள்ளை. அம்மை மாடம்மாள் கட்டட வேலையில் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்து அவனைப் படிக்க வைத்தாள். தங்கை பேச்சி அப்போது பள்ளிக்கூடத்தில். நான் வீட்டிலிருந்து வடையும் முறுக்கும் கொண்டுபோனால் பாதி அவனுக்குத்தான். அவன் அதில் பாதியைத் தங்கைக்குக் காகிதத்தில் மடித்து வைப்பான்.

பிறகு பொன்முடி எஸ்டேட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. தோட்ட சூபர்வைசர் வேலை, ஒரே இடம், முதல் மார்க் வாங்குகிறவனுக்கு. இன்னும் பரீட்சையே நடக்கவில்லை, அதற்குள் வகுப்பு முழுக்க வன்னியனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. ஒரு கால் என் தோளில்தான் இருந்தது. நல்ல கனம்.

நாற்றுப் பையில் இரண்டு கன்று முளைத்தால் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இரக்கப்பட்டு இரண்டையும் விட்டால் இரண்டும் கெடும். மெலிந்ததைப் பிடுங்கச் சொன்னீர்கள். எங்கள் இருவரில் மெலிந்தது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாடத்தை அதனால்தான் நான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கடைசி பிராக்டிகல், ஹாஸ்டல் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம். மழைக்கு முன்னால் தெற்குப் பக்கத்துப் பெருங்கிளையை இறக்க வேண்டும். வன்னியனின் மாமன்மார் தென்காசிப் பக்கம் மரம் வெட்டுகிறவர்கள், அவர்களுக்கு ஒரு முறை உண்டு. வெட்டுக்கு முந்தின சாயங்காலம் வெற்றிலை பாக்கு வைத்து, மரத்தில் இருக்கிறவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். கேட்டவன்தான் மறுநாள் முதலில் ஏற வேண்டும். ஏறி, வெட்டப்போகிற கிளையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்க வேண்டும். அந்த முதல் ஏற்றத்துக்குக் கயிறு கிடையாது. ஏன்டா என்று நான் கேட்டேன்.

"உத்தரவு கேட்ட பொறவு கயித்தக் கட்டிக்கிட்டு ஏறினா, அவள நம்பலைன்னு ஆயிரும்டே," என்றான் வன்னியன். "நம்பித்தான் ஏறணும், கேட்டியா."

நீங்கள் முதலில் முடியாது என்றீர்கள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து மனசு இளகி, முதல் ஏற்றம் உன் வழி, இரண்டாவது என் வழி, இரண்டாவதில் கயிறு இல்லையென்றால் மார்க் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அவன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆக, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கிளையில் கயிறில்லாமல் நிற்கப் போவது யார் என்பது ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். இவ்வளவு ஒழுங்கான ஆளை வேறு எங்கே பார்க்க முடியும்.

அந்தக் கிளையில் ஒட்டி வளர்ந்திருந்த ஆர்க்கிட் செடிகளைப் பத்திரமாகப் பெயர்த்தெடுக்கும் வேலையை எனக்குத் தந்திருந்தீர்கள். ஞாயிறு மதியம், பையன்கள் எல்லாம் பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். நான் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினேன். ஆர்க்கிட் ஒன்றுகூட வேர் அறவில்லை. பிறகு எங்கள் கடை ரம்பத்தால் கிளையின் மேல்பக்கம் வெட்டினேன். கீழ்ப்பக்கம் வெட்டினால் பாரத்தில் வாய் மூடிக்கொள்ளும், மேல்பக்கம் வெட்டினால்தான் பிளக்கும், இதுவும் உங்கள் பாடம்தான். பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். மரத்தூளை மடியில் வாங்கிக்கொண்டு, வெட்டின் மேல் பாசியைப் பட்டையோடு பெயர்த்து அமர்த்தினேன். உயிருள்ள எதையும் நான் அவ்வளவு அழகாக ஒட்டியதில்லை.

இறங்கும்போது தோட்டத் தொழிலாளி இசக்கி அண்ணாச்சி கீழே நின்றார். என் கையில் ரம்பத்தைப் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை. ஆர்க்கிட் கூடையை வாங்கி நிழலில் வைத்தார். நல்ல மனுஷர். சாயங்காலம் ஆனால் கொஞ்சம் குடிப்பார், அவ்வளவுதான்.

மறுநாள் நடந்தது நீங்கள் பார்த்ததுதான். அவன் குரங்கு மாதிரி ஏறினான், கிளையில் நின்றான், கும்பிடக் கையை எடுத்தான். மற்றதை விட்டுவிடுவோம்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இரண்டாம் நாள் நினைவு வந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"உத்தரவு நான் சரியாக் கேக்கல போலிருக்குடே. வெத்திலைக் காம்பக் கிள்ளாம வெச்சிட்டேன். அம்மையையும் பேச்சியையும் பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அப்போது எனக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகை. நர்ஸ்கூட ஆறுதல் சொன்னாள்.

கிளையில் பழைய வெட்டு இருக்கிறதே என்று நீங்கள் கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்குச் சோர்வாக இருந்தது. ஆனால் வரப்போகிற வேலையைச் சுலபமாக்க நாலு நாள் முன்கூட்டியே கொஞ்சம் அறுத்து வைக்கிற பழக்கம் இசக்கி அண்ணாச்சிக்கு உண்டு, எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை நான் ஏறவில்லை என்று அவர் இரண்டு நாள் சாதித்தார். மூன்றாம் நாள் நான் அவரைப் போய்ப் பார்த்தேன். அதட்டவில்லை, தோளில் கை போட்டுத்தான் பேசினேன்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை நீங்கதானே ரம்பத்தோட ஏறினீங்க. மறந்துபோயிருக்கும்."

"ஏறினேனா?"

"ஏறினீங்க. நான் பாத்தேன்."

அவர் வெகுநேரம் தன் கையையே பார்த்தார். "அப்பம் நாந்தானா, பிள்ளே," என்றார்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான்தான் என்றார். வேலை போயிற்று. குடி கூடியது. போன மாசம் செத்துப்போனார், அந்தச் செலவு நான்தான் செய்தேன். சாகும்வரை அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு விதத்தில் அது நிம்மதிதானே.

ஆபீசுக்கு இசக்கி போதுமானவராக இருந்தார். வீட்டுக்கு வெற்றிலைக் காம்பு போதுமானதாக இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஊரும் சொல்லி முடித்தது. நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள், தெரிந்ததை எழுதினீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. வேலை இரண்டாம் மார்க்குக்கு வந்தது. அப்பா அன்றைக்குக் கடையை மூடிவிட்டு பஸ் ஏற்றிவிட வந்தார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் எனக்குத் தலை சுற்றவேயில்லை.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை, சார். பேச்சி படித்து முடித்ததும் ஒரு பொட்டுத் தங்கம் கேட்காமல் கட்டிக்கொண்டேன். இரும்புக்கடைக்காரர் மகன் சித்தாள் மகளைக் கட்டினான் என்று கம்போளம் முழுக்க ஆச்சரியம். அத்தையைச் சாந்துச் சட்டி தொடவிடவில்லை. ஒவ்வொரு மாசமும் முதல் வெள்ளிக்கிழமை எஸ்டேட் ஜீப்பில் இந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு நானே கூட்டி வருகிறேன். மகன் செய்த பிழையைப் பொறுத்துக்கொள் என்று வெற்றிலை வைத்துக் கும்பிடுவாள். காம்பு கிள்ளித் தருவது நான்தான்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். மனசாட்சி, அது இது என்று நான் அளக்கப் போவதில்லை. பலகை பெயிண்டில் எழுதியிருக்கிறது, ஐம்பது வருஷம் நிற்கும். நாளைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் தப்பானதைப் படிக்கக் கூடாது. 'விபத்தில் மறைந்த' என்பதைச் சுரண்டிவிட்டு 'கொல்லப்பட்ட' என்று எழுதச் சொல்லுங்கள், இடம் போதும், நான் அளந்து பார்த்துவிட்டேன்.

போலீசுக்கு நீங்கள் ஃபோன் பண்ணுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து மணிக்கு மேல் வரச் சொன்னால் போதும். குழி மூன்றடிக்கு மூன்றடி நானே வெட்டி, தொழு உரம் போட்டு ஆற வைத்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் கன்றை நட்டாக வேண்டும். ஒன்பது மணிக்குப் பேச்சியும் அத்தையும் வந்துவிடுவார்கள், இரண்டு பேரும் அழுவார்கள், பக்கத்தில் நான் நின்றாக வேண்டும். அந்த வீட்டுக்கு ஆண்துணை என்று என்னை விட்டால் வேறு யார் சார் இருக்கிறார்கள்?