மூணாவது ஆகட்டும்

கண்மாய்க்குக் கரை போட்ட காலத்துக்குப் பிந்தி, ரயில்வண்டி வந்த காலத்துக்கு முந்தி, ஆலமடைன்னு ஒரு ஊராம். அந்த ஊர்க் கண்மாய்க்கு அஞ்சு மடையாம். தலைமடை நிலமெல்லாம் ஊருக்குத் தலைவரா இருந்த அம்பலக்காரர் வீட்டு நிலம். கடைசி மடையிலே அரைக்காணி வச்சிருந்தவ சடைச்சி. எங்க வழியிலே ஏழு தலைமுறைக்கு முந்தினவ. புருசன் செத்து ஆறு மாசம். வயல் அவ கையிலே.

அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. கண்மாயிலே பாதித் தண்ணி. கதிரெல்லாம் பால் பிடிக்கிற நேரம். எட்டு நாளைக்குள்ளே தண்ணி பாயலைன்னா, கடைசி மடையிலே அறுக்கிறதுக்குப் பதராத்தான் இருக்கும்.

மடை திறக்கக் கண்மாய்க் கரையிலே ஊர்க்கூட்டம் போட்டாங்களாம். அந்த ஊர் வழக்கம் இதுதான். ஓலை வாசிக்கணும், ஊரு மூணு தடவை 'ஆகட்டும்' சொல்லணும், அப்புறம்தான் மடை திறக்கும். ஒரு வாய் குறைஞ்சாலும் திறக்கக் கூடாது. அய்யனார் முன்னாலே வச்ச கட்டு. ஆனா வாய் குறைஞ்சதா யாரும் கேள்விப்பட்டது இல்லையாம்.

வாசிக்கிறவர் சொக்கலிங்கம். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு வாசிச்சார்:

"தடாக ஜலத்தைக் கிரமமாகப் பிரதமாதி சதுர் மடைகட்குப் பூர்த்தி செய்து, சேஷத்தை அந்திய மடைக்கு விடுவதென்று நிர்ணயம்."

"ஆகட்டும்"னுச்சாம் ஊரு.

"ஆகட்டும்"னுச்சாம் மறுபடி.

மூணாவது சொல்ல வாயைத் திறந்தப்ப, பின்னாலேருந்து ஒரு குரல்.

"எனக்கு விளங்கலை."

ஊரே திரும்பிப் பார்த்துச்சாம். சடைச்சி. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்கிறா.

அம்பலக்காரர் சிரிச்சார். "ஏத்தா, ஓலைன்னா அப்படித்தான். விளங்கித்தான் ஆகட்டும் சொல்லணும்னா ஊரு நடக்குமா? உன் புருசன் ஒருநாளாவது கேட்டானா?"

"கேக்காமத்தான் செத்தாரு. நான் உசுரோட இருக்கேன்ல."

அவ மடைக்காரங்களே அவளை வைஞ்சாங்களாம். பக்கத்து வயல்காரி மாயக்கா சேலையைப் பிடிச்சு இழுத்தா. "அடியே, உக்காருடி. நமக்கு என்னடி தெரியும்? பெரியவங்க பாத்துக்குவாங்க. உன் வாயாலே எல்லாருக்கும் மடை அடைபடப் போகுது."

"அடைபடட்டும் மதினி. எதுக்குத் தலையாட்டுறோம்னு தெரியாம நான் ஆட்ட மாட்டேன். ஆட்டுக்கிடா கூடத் தண்ணி தெளிச்சாத்தான் தலையாட்டுது."

"மக்குப் பொம்பளைக்கு ஓலை விளங்காதுதான்"ன்னாராம் அம்பலக்காரர்.

"சரிங்கய்யா, நான் மக்கு. மக்கு இல்லாதவங்க சொல்லட்டும்." ரெண்டாம் மடைப் பெரியவர் வீரணன் முன்னாலே போய் நின்னாளாம். "மாமா, என்ன வாசிச்சாங்க?"

வீரணன் மீசையைத் தடவினார். "அது வந்து... ஜலம்... கண்மாய் அம்மனுக்குப் பூசை போடணும்னு."

மூணாம் மடைக்காரர் ஒண்டிவேலு சண்டைக்கு வந்தார். "பூசையா? கரையை ஒசத்தணும்னு இல்லே வாசிச்சாரு!"

நாலாம் மடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கிட்டாராம்.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. வீரணன் மட்டும் சிரிக்கலை. "அடப்பாவிகளா, எனக்கு மட்டும்தான் விளங்கலைன்னு இருபது வருசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேனேடா!"

அந்தச் சொல்லு விழுந்ததும் ஒவ்வொருத்தரும் பக்கத்து ஆளைப் பார்க்கிறாங்க. உனக்கும் விளங்கலையா? உனக்கும் இல்லையா?

சடைச்சி விடலை. "வாசிப்பய்யா, அதையே உங்க வீட்டிலே சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொக்கலிங்கம் அம்பலக்காரரைப் பார்த்தார். ஊரு சொக்கலிங்கத்தைப் பார்த்துச்சு. ஓலையைக் கீழே வச்சுட்டுச் சொன்னாராம்: "மேலே இருக்கிற நாலு மடைக்கும் வயிறு நிறைய விட்டுட்டு, மிச்சம் இருந்தா அஞ்சாம் மடைக்கு."

"இந்த வருசம் மிச்சம் இருக்குமா?"

"இருக்காது."

மாயக்கா பிடிச்சிருந்த சேலையை விட்டுட்டா. விட்டுட்டு அவளும் எந்திரிச்சு நின்னா.

"எங்க பயிரை நாங்களே காயப்போட ஆகட்டும் சொல்லியிருப்போம், அப்படித்தானே?"ன்னாளாம் சடைச்சி.

மேல்மடைக்காரங்க பேசாம இருந்திருக்கலாம். தண்ணி அவங்களுக்குத்தானே? ஆனா வீரணனுக்குப் பொறி தட்டிருச்சு. "வாசிப்பு, போன வருசம் மீனைப் பத்தி ஒண்ணு வாசிச்சீரே. ஆகட்டும் சொன்னோமே. அதிலே என்ன இருந்துச்சு?"

"அது... கண்மாய் மீன் பூராவும் அம்பலக்காரர் வீட்டுக்குன்னு."

"நாசமாப் போச்சு!" ஒண்டிவேலு தலையிலே அடிச்சுக்கிட்டார். "அதான் என் மகன் தூண்டில் போட்டப்ப அடிச்சு விரட்டினாங்களா!"

அப்புறம் எங்கே ஆகட்டும்? அம்பலக்காரர் கத்திப் பார்த்தார். "தலைமடை எங்க பாட்டன் வெட்டினது!" சடைச்சி மடைக்கல்லு மேலே ஏறி உக்காந்துக்கிட்டாளாம். "வெட்டினவரு கும்பிட வேண்டியவருதான். அதுக்காக என் வாயை அவரு வெட்டி எடுத்துட்டுப் போகலையே. நான் சொல்லலை. மடை திறக்காது. உங்க பயிரும்தான் காயும்."

ரெண்டு நாள் மடை திறக்கலை. தலைமடையிலேயும் தோகை சுருண்டுச்சாம். மூணாம் நாள் காலையிலே அம்பலக்காரரே கூட்டத்தைக் கூப்பிட்டார். முறைவச்சு அஞ்சு மடைக்கும் ஒரே நாழிகைக் கணக்கிலே தண்ணி, கடைசி மடையிலேருந்து ஆரம்பம். இந்தத் தடவை ஓலை இல்லை, வாய்ப்பேச்சு. சடைச்சி எந்திரிச்சு, கேட்டதை அப்படியே தன் பேச்சிலே திருப்பிச் சொன்னா. "இதுதானே?"ன்னா. "இதுதான்"னாங்க. அதுக்கப்புறம் ஊரு மூணாவது ஆகட்டும் சொன்னது பக்கத்து ஊருக்குக் கேட்டுச்சாம்.

போன ரெண்டு நாள் போனதுதான். இருந்த பாதித் தண்ணியையும் அஞ்சாப் பிரிச்சதிலே, கடைசி மடையிலே பாதிதான் விளைஞ்சுச்சு. அவ வயலிலே பாதிக்கும் குறைச்சல். "பாதின்னாலும் தெரிஞ்சு வாங்கின பாதி"ன்னு சொல்லிக்கிட்டே அறுத்தாளாம்.

அன்னையிலேருந்து ஆலமடையிலே ஒரு வழக்கம். என்ன கூட்டமானாலும், எந்த ஆபீசர் வந்தாலும், முடிவைக் கடைசி மடை ஆள் ஒருத்தர் தன் பேச்சிலே திருப்பிச் சொல்லணும். அதுக்குச் 'சடைச்சி சொல்லு'ன்னு பேரு. அது ஆகலைன்னா கூட்டம் கலையாது.

ஒரு எலக்சன்லே ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் முழங்கினாராம். கைதட்டுவாங்கன்னு பார்த்தார். ஒருத்தரும் தட்டலை. பின்னாலேருந்து ஒரு பொம்பளை எந்திரிச்சா.

"அய்யா, சடைச்சி சொல்லு சொல்லணும்னு கருத்தாக் கேட்டேன். திருப்பிச் சொல்ல ஒண்ணும் அகப்படலை. முதல்லேருந்து வாங்க."

வந்தவர் துண்டாலே முகத்தைத் துடைச்சுக்கிட்டு, முதல்லேருந்து வந்தாராம்.