பச்சைமலைச் செடிக்குப் பூ எது?

அக்கிராசனர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும், கலீல் சாகிபின் தங்கை ஷரபுன்னிசா அவர்களே! திருச்சி, ஸ்ரீரங்கம் நண்பர்களே!

நம் தாவரவியல் பேராசிரியர் கலீல் சாகிப் மறைந்துவிட்டார். அவரை அறிவாளி என்றார்கள், தர்மவான் என்றார்கள். அவரோடு ஒரே அறையில் வேலை செய்த நான் சொல்கிறேன்: அவர் பெரிய சந்தேகப் பிராணி! சிரிக்காதீர்கள். அந்தக் குணம் எனக்கும் தொற்றிவிட்டது. இந்த மண்டபத்திலும் அது என்னை விடவில்லை.

என் வீட்டுத் துளசியை ஒருநாள் அவரிடம் நீட்டினேன். லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துளசின்னு யாருங்க சொன்னா?"

"ஸ்ரீரங்கத்துக்காரன் நான் சொல்றேன்!"

"நீங்க சொல்றீங்க. செடி சொல்லணுமில்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்காகவே அவரைப் பிடித்தும் போனது.

போன ஐப்பசி மழையில் இருவரும் பச்சைமலை ஏறினோம். எந்த நூலிலும் இல்லாத ஒரு குற்றுச்செடியைக் கொண்டுவந்து, உலர்த்தி, தாளில் ஒட்டினோம். மஞ்சள் பூ, ஐந்து இதழ். புதுச்செடி என்று நான் குதித்தேன். அவர் குதித்தாரா? இல்லை! ஒரு பூவை வெந்நீரில் ஊறவைத்து லென்ஸுக்கடியில் விரித்தார்.

"அழகிரி, இலை ஒருத்தனோடது, பூ இன்னொருத்தனோடதுங்க" என்றார்.

செடியைச் சுற்றிக் கிடந்த ஏதோ கொடியின் பூ, ஈரத்தில் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. செடியின் சொந்தப் பூவை நாங்கள் பார்க்கவே இல்லை.

"இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க. அடுத்த மழைக்குப் பூ தேடிப் போவோம்" என்று தாளை அலமாரியில் வைத்தார். மழைக்கு முன்னால் மாரடைப்பு வந்துவிட்டது.

அவரை அடக்கம் செய்த வாரத்தில் அலமாரியைத் திறந்தேன். தாளைக் காணோம்!

எடுத்தது யார்? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன் பேசிய சென்னை நண்பர், தாம் பச்சைமலையில் ஒரு புதுச்செடி கண்டதாகவும், அதைத் தம் பெயரில் அச்சிடப்போவதாகவும் சொன்னார். குற்றுச்செடியாம். மஞ்சள் பூவாம். ஐந்து இதழாம்! நண்பரே, அந்தச் செடியில் அந்தப் பூ பூக்காது. மலையில் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். எங்கள் தாளைப் பார்த்தவர்தான் சொல்வார். ஏன் தண்ணீர் குடிக்கிறீர்கள்? கலீல் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறீர்கள்!

காலையில் ஷரபுன்னிசா கேட்டார்: "அண்ணன் கண்டுபிடிச்ச செடிக்கு அண்ணன் பேரு வருமாங்க?"

இப்போது சபையறியச் சொல்கிறேன்: வரும், அம்மா! ஐப்பசியில் நானும் அவர் மாணவர்களும் பச்சைமலை ஏறுவோம். செடியின் சொந்தப் பூவைக் கண்ணால் கண்ட பிறகே கலீல் பெயரை வைப்போம். ஒரு மழையில் பூக்காவிட்டால் அடுத்த மழைக்குப் போவோம்.

சென்னை நண்பர் அதற்குள் அச்சிடுவதானால் தாராளமாக அச்சிடட்டும். அந்தப் பிழை அவர் பெயரிலேயே இருக்கட்டும். அதைத் திருத்தும் பணியை, கலீல் சாகிபின் சார்பில், நான் ஏற்றுக்கொள்கிறேன்.