செவ்வாய்க்கிழமைத் தரிப்பு

லண்டனில், ஸ்ட்ரெதத்திலிருந்து நோர்பரி போகும் பஸ்ஸின் மேல்தட்டு. முன்சீட்டில் நரைத்தவர் ஒருவரும் அவருடைய சிநேகிதரும்.

"கனவிலயும் எனக்கு எதிராத்தான் ஓஃப்சைட் கொடி தூக்கிறாங்கள்," என்றார் நரைத்தவர்.

"இருபது வருஷம் ஃபுட்போல் கோச்சா இருந்த உங்களைக் கொலிஜ் நிப்பாட்டிப்போட்டுது. இனி என்ன யோசினை அண்ணை?"

"கேட்ட இடமெல்லாம் வயசைப் பாக்கிறாங்கள்."

"சூப்பர்மார்க்கெட்டில செக்யூரிட்டி வேலை இருக்கு. கதைக்கட்டே?"

"வாசலில நிண்டு மறிக்கிறதோ? அது கோல்கீப்பர் வேலை. நான் ஃபோர்வேர்ட் எல்லோ."

நரைத்தவர் கையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். கொலிஜ் மைதானத்துக் கோல்கம்பங்கள் மூடுபனியில் மிதந்து வந்தன. எட்டி மணியை அமத்தினார். பஸ் நின்றது.

"அண்ணை, நாங்கள் இறங்கிற இடம் இது இல்லை."

"இண்டைக்குச் செவ்வாய் எல்லோ. பிராக்டிஸ்," என்றவர் எழும்பவில்லை.

கீழே கதவு மூடியது.

"அந்தக் கோல்கீப்பர் வேலைக்குக் கதைச்சுப் பாரும்."