ரெய்னோவுக்கு மட்டும் மின்னாத மஞ்சள்

– இன்னிக்கும் மின்னல டெஸ்ஸா! ஒரு வரியைக் காப்பி பண்ணா, கம்ப்யூட்டர்ல நான் எழுதற எடிட்டர்ல அந்த வரி மஞ்சளா ஒரு மின்னு மின்னணுமா இல்லையா? "எடுத்துக்கிட்டேன் ஐயா"ன்னு அது சொல்ற பதிலே அதுதானே? திங்கக்கிழமையிலேருந்து வாயே திறக்க மாட்டேங்குது.

– சரிங்க ரெய்னோ. ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க, பார்க்கறேன்.

– பாரு, பாரு. எனக்கென்ன அவசரம், வலது கைதான் மாவுக்கட்டுல தொங்குதே. சனிக்கிழமை வாசல்ல ஐஸ். யாராவது வழுக்கி விழுந்துடக் கூடாதேன்னு உப்பு தூவப் போனேன். வாளியோட நானே விழுந்தேன். பனி வாரற வண்டி எந்தத் தெருவுக்கு எப்போ போகணும்னு இந்த ஊருக்கே முப்பது வருஷமா எழுதிக் குடுக்கற மேதாவி, சொந்த வாசல்ல மல்லாக்க!

– சிரிக்கலீங்க.

– சும்மா சிரி. என் பொண்டாட்டி இன்னும் நிறுத்தல.

– ம், இப்போ எடிட்டரை மூடிட்டு மறுபடி திறங்க.

– ஒத்தைக் கையால... இரு... திறந்தாச்சு. ஒரு வரி எடுக்கறேன். ம்ஹூம். மின்னல.

– மின்னலையா? மின்னணுமே!

– அதான் நானும் மூணு நாளா சொல்றேன்.

– உங்க திரையை எனக்குக் காட்டுங்க... ஆங், தெரியுது. இன்னொரு தடவை எடுங்க.

– எடுத்தேன். பார்த்தியா, ஒண்ணுமே இல்ல.

– மின்னிச்சுங்க. பளிச்சுன்னு.

– டெஸ்ஸா, நக்கல் பண்ணாத. இந்த மஞ்சள் வராமதான் நேத்து என் மானமே போச்சு. ஏரிக்கரைத் தெரு வரியை எடுத்துட்டேன்னு நினைச்சு ஒட்டினேன். ஒட்டினது அதுக்கு முன்னாடி எடுத்த கல்லறைத் தெரு. கல்லறைக்கு மூணு தடவை பனி வாரியிருக்காங்க! அங்கேருந்து யாரு வேலைக்குக் கிளம்பப் போறா? ஏரிக்கரைத் தெருவுல ஸ்கூல் பஸ் போக முடியல.

– தெரியும். நீங்க எல்லாருக்கும் போட்ட மெயிலைப் படிச்சேன். "புதுசா வந்த பொண்ணு எல்லாரோட செட்டிங்கையும் நோண்டிட்டா"ன்னு.

– ம்... கோவத்துல போட்டுட்டேன்மா. இடது கையால அதை அடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. வேற ஆளா இருந்தா அதுக்குள்ள கோவம் ஆறியிருக்கும். எனக்கு எழுத்துக்கு எழுத்து ஏறிச்சு.

– மேலாளர் என்னை நாளைக்குக் கூப்பிட்டிருக்காரு. நான் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது... சரி, விடுங்க. காப்பி பண்ண கீபோர்டுல பட்டனை அழுத்தும்போது நீங்க எங்க பார்க்கறீங்க?

– பட்டனைத்தான். இடது கைக்கு எது எங்க இருக்குன்னே தெரியல, தேடித் தேடித்தான் அழுத்தறேன்.

– அழுத்தினப்புறம்?

– அப்புறம் நிமிர்ந்து திரையை... ஐயையோ.

– அது கால் நொடி கூட நிக்காதுங்க. விரலைப் பட்டன் மேல வச்சுக்கிட்டு, திரையைப் பார்த்துட்டே அழுத்துங்க.

– வந்துச்சு! மஞ்சள்! அட மக்கு ரெய்னோ! மூணு நாளா அது பாட்டுக்கு மின்னியிருக்கு, நான் குனிஞ்சு என் விரல் அழகைப் பார்த்துட்டு இருந்திருக்கேன். டெஸ்ஸா, இப்பவே எல்லாருக்கும் எழுதறேன். "கோளாறு செட்டிங்ல இல்ல, என் கழுத்துல"ன்னு. மேலாளர்கிட்டயும் நானே போறேன். மத்தியானம் உனக்குச் சூடா, இறைச்சி அடைச்சுச் சுட்ட ஒரு பேஸ்டி வாங்கித் தர்றேன்.

– வேண்டாங்க.

– ஏன், பேஸ்டி பிடிக்காதா?

– அந்த மெயில் வேண்டாங்க.

– தப்பு என்னோடது. ஊரறியத் திட்டினவன் ஊரறிய மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

– ரெய்னோ... செட்டிங்கைச் சுத்தம் பண்றேன்னு ஞாயித்துக்கிழமை அந்த மஞ்சளை அழிச்சது நான்தான்; இப்போ உங்ககூடப் பேசிக்கிட்டே திருப்பிப் போட்டேன்.