வெயிலில் காய்ந்த கம்ப்யூட்டர்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில், ஆயுதபூஜைக் குங்குமம் இன்னும் அழியாத கம்ப்யூட்டர் பெட்டி.

"மீனைக் காயவெச்சா கருவாடு ஆவும். கம்ப்யூட்டரைக் காயவெச்சா இன்னாய்யா ஆவும்?" என்றாள் மனைவி.

"கூரை ஒழுகி உள்ள தண்ணி பூந்துச்சு. அதான் எல்லாத்தையும் கழட்டி வெயில்ல வெச்சேன்."

"உப்பு தடவ மறந்துட்ட போல."

"கிண்டல் பண்ணாத. ஏரியில யாரு என்னிக்கு எங்க வலை போடணும்னு ஊரோட பாடு லிஸ்ட்டு மொத்தமும் இதுலதான் கீது. விடிஞ்சா ஆளாளுக்குச் சண்டைக்கு வந்து நிப்பாங்க."

"நோட்டுலயே இருந்துச்சு. இனிமே நோட்டு எதுக்குன்னு நீதான அடுப்புல போட்ட?"

போன் அடித்தது. பொன்னேரி ரிப்பேர் கடைக்காரரின் குரல் ஸ்பீக்கரில் பஸ் முழுக்கக் கேட்டது.

"பெட்டி ஸ்டார்ட் ஆவலன்னா பரவாயில்லண்ணே. ஹார்ட் டிஸ்க் இருந்தா போதும், ஃபைலை எடுத்துடலாம். உள்ள உள்ளங்கை அளவுக்கு இரும்புக் கட்டி மாதிரி கனமா ஒண்ணு இருக்கும், பாருங்க."

அவர் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"திரும்ப மாட்டும்போது அது ஒண்ணு மீந்துச்சு," என்றார் மெதுவாக.

"எங்க வெச்ச?"

"கருவாட்டு மேல மூடுன வலை காத்துல பறந்துச்சு. அதுக்குப் பாரமா வெச்சிட்டு வந்தேன்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நம்ம வூட்ல அது ஒண்ணுதான்யா ஒழுங்கா வேலை செய்யுது."