மாடிக்குப் போகாத ஜாடி

"குனி! குனிடா பாபு!"

சேகர் கத்துகிறான். நான் மாடிப்படிக்குக் கீழே உருளுகிறேன். முதலில் ஒரு விசில். பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு டமார். சுவரின் காரை தலையில் கொட்டுகிறது. வாயெல்லாம் சுண்ணாம்பு. பாபுவின் வலது காதிலிருந்து ரத்தம். மணி ஒன்பது நாற்பது. ஏப்ரல் பதினைந்து, சனிக்கிழமை. சூடான் நாட்டில், கார்ட்டூமுக்கு வடக்கே பஹ்ரியில், ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குள் நாங்கள் நான்கு பேர்.

நான் புதுச்சேரிக்காரன். முதலியார்பேட்டை. மில்லில் பிட்டராக இருந்தேன். மில் மூடியதும் வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போனேன். சேகர் வில்லியனூர், வெல்டர். பாபு கடலூர், எலக்ட்ரீஷியன். நான்காவது ஆள் இத்ரீஸ். அந்த நாட்டுக்காரன். எங்கள் வாட்ச்மேன்.

ஊர் திரும்பிய அன்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார், அத்தனை நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று. பிஸ்கட் என்றேன். பொய். அவரும் அப்படியே போட்டுவிட்டார். அந்தப் பொய்யை அழிக்கத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கலாம்.

சண்டைக்கு மூன்று வாரம் முன்பு ரம்ஜான் நோன்பு தொடங்கியது. இத்ரீஸ் தன் ஊரிலிருந்து ஒரு தகர டின் கொண்டுவந்தான். ஆற்று மீன். உப்பிட்டு, மூடி, நாள் கணக்கில் புளிக்க விட்டது. ஃபசீக் என்பார்கள். பெருநாள் காலையில் தின்பதற்கு. நம் கருவாடு மாதிரி காய்ந்தது இல்லை. ஈரத்திலேயே ஊறி, அழுகலுக்கு ஒரு படி முன்னால் நிற்பது. மூடியைத் திறக்கவே வேண்டாம். படிக்கட்டு முழுக்க நாறும். செத்த எலியும் மூத்திரச் சந்தும் சேர்ந்த நாற்றம். கருவாடு தின்று வளர்ந்தவன் நான். எனக்கே குமட்டியது.

மானேஜரிடம் போனது நான். சேகர் இல்லை. பாபு இல்லை. நான்தான். "அத தூக்கிப் போடச் சொல்லுங்க சார். இல்லன்னா மொட்ட மாடியில வெக்கச் சொல்லுங்க." மானேஜர் அவனிடம் சொன்னார். இத்ரீஸ் டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிழல் பார்த்து வைத்தான். மறுநாள் காலை எப்போதும்போலச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். எங்களிடம் அவன் கற்றிருந்த தமிழ் ஒரே சொல். "சாப்ட்டியா?" தான் நோன்பில் இருந்துகொண்டு தினமும் எங்களைக் கேட்பான்.

சனி. அரிசி இருக்கிறது. ஞாயிறு. கரண்ட் போய்விட்டது. திங்கள். எதிர்க் கட்டடத்தின் மேல் யாரோ துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை தெரியாது. தெருவில் தலை தெரிந்தால் டப். ஒரே டப். இரண்டாவது தேவைப்படவில்லை. செவ்வாய். அரிசியைக் கைப்பிடி கணக்கில் போட்டோம். புதன். அதுவும் தீர்ந்தது. மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம். அன்று காலை இத்ரீஸ் எங்களை "சாப்ட்டியா" என்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

வியாழன். மதியம் இரண்டு பத்து. மாடியில் சடசடவென்று குண்டு விழுகிறது. நடுவில் ஒரு டங். இரும்போடு முப்பது வருஷம் மாரடித்தவன் நான். தகரத்தில் ஓட்டை விழுந்த சத்தம் அது என்று உடனே தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் நாற்றம் படி வழியாக இறங்கி வந்தது.

என் வாயில் எச்சில் ஊறுகிறது.

அதே செத்த எலி. அதே மூத்திரச் சந்து. நாற்றம் கொஞ்சமும் மாறவில்லை. வயிறுதான் மாறியிருந்தது. மூக்கை மூடுவதற்குப் பதிலாக இழுத்தேன். இன்னும் இழுத்தேன். அடியில் உப்பு தெரிந்தது. உப்புக்கு அடியில் மீன் தெரிந்தது. பாபு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் முதுகு ஏறி ஏறி இறங்கியது. அவனும் இழுக்கிறான். யாரும் வாய் திறக்கவில்லை. வெட்கம். மூன்று வாரம் முன்பு துரத்திவிட்ட பொருள் அல்லவா! சேகர்தான் உடைத்தான். "அண்ணே, வாசன வருதுல்ல?" ஆமாம் என்றேன். இத்ரீஸ் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெள்ளி. பெருநாள். காலை ஆறேகால். இத்ரீஸ் ஒரு கை தண்ணீரில் முகம் கழுவினான். படிக்கட்டு மூலையில் தொழுதான். எழுந்து மேலே கை காட்டினான். பிறகு எங்களைக் காட்டி, விரல்களைக் குவித்து வாயில் வைத்துக் காட்டினான். புரிந்துவிட்டது.

"போவாத! டேய், போவாத!"

பாபு காலைப் பிடித்தான். இத்ரீஸ் உதறிவிட்டுப் போனான். மாடிக் கதவைத் தாண்டி வயிற்றால் ஊர்கிறான். நான் கதவோரம் தரையோடு படுத்துப் பார்க்கிறேன். தொட்டியை அடைந்துவிட்டான். திரும்புகிறான். டின்னைத் தலைக்கு முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறான். தகரம் சிமெண்டில் உரசுகிறது. கிரீச். நிற்கிறது. கிரீச். நிற்கிறது. கதவுக்கு இன்னும் ஆறடி.

டப்.

அவன் கை ஒரு முறை நீண்டது. தள்ளியது. டின் வாசற்படி வரை வந்து நின்றது. அவன் வரவில்லை.

நாங்கள் கூப்பிட்டோம். பதில் இல்லை. கயிறு வீசிப் பார்த்தோம். கை நீட்டியபோதெல்லாம் டப். மதியம் பன்னிரண்டுக்கு வாசற்படியில் நின்ற டின்னை உள்ளே இழுத்துத் திறந்தோம். ஆறடி தள்ளி அவன் கிடக்கிறான். தின்றோம். உப்பு நாக்கை அறுத்தது. சேகர் மூடியை நக்கினான். நான் விரலை நக்கினேன். அழுதுகொண்டே தின்றோம் என்று எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அப்படி எழுதமாட்டேன். தின்று முடித்த பிறகுதான் அழுதோம்.

இருட்டியதும் அவனைக் கீழே இழுத்து வந்தோம். அக்கம்பக்கத்து ஆட்கள் சுவர் ஏறி வந்து வளாகத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். எங்களை மீட்டுப்போக எம்பசி பஸ் வரும்வரை எங்களுக்குச் சோறு அந்த டின்தான். பிறகு துறைமுகம். பிறகு கப்பல். பிறகு ஊர். அப்புறம் அந்த பிஸ்கட் பொய்.

இப்போது முதலியார்பேட்டையில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருக்கிறேன். வருஷா வருஷம் நோன்பு தொடங்கியதும் பெரிய மார்க்கெட் போகிறேன். மடவை மீன். பதினொன்று. காலையில் டீகூடக் குடிக்காமல் போவேன். மீன்காரம்மாவுக்கு என் மூஞ்சி பழகிவிட்டது. "இன்னிக்கும் ஒண்ணும் துன்னாமத்தான் வந்தியா? நல்லா வந்து சேந்த பாரு." இட்லி தின்றுவிட்டுப் போனால் மீன் கழுவிய தண்ணீர் எனக்கும் நாறும். சோதித்துப் பார்த்திருக்கிறேன். பட்டினியோடு போனால் அந்தச் சாக்கடை ஓரத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். என் மூக்கு கெட்டுப் போகவில்லை. பசி என்றால் என்ன என்று அது மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மீனை உப்பிட்டுப் பீங்கான் ஜாடியில் அடைத்துச் சமையல்கட்டில் வைப்பேன். பெருநாள் காலையில் திறப்பேன். என் மனைவி மல்லிகா அந்த மூன்று நான்கு வாரமும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் சமைப்பாள். திட்டிக்கொண்டேதான் சமைப்பாள். ஆனால் ஜாடியை நகர்த்தியதில்லை.

போன ஞாயிறு மேல் போர்ஷன்காரர் இறங்கி வந்தார். லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் கிளார்க். நல்ல மனிதர். பையனுக்கு மூன்று வயது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. கொழந்த வாந்தி எடுக்குது. அந்த ஜாடிய மொட்ட மாடியில வெச்சிக்கிறீங்களா?"

மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் காதுக்குள் கிரீச் என்றது. நான் மானேஜரிடம் சொன்ன அதே பேச்சு. இந்த மனிதரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் சொன்னேன்.

"மாடிக்குப் போவாது தம்பி. அதத் தவுர வேற என்னா வேணா கேளு."

அவர் வீட்டுக்காரரிடம் போனார். வீட்டுக்காரர் நேற்று வாசலில் நின்று கேட்டார். "ஜாடியா, வூடா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." இந்த வயதில் மல்லிகாவை எங்கே கூட்டிக்கொண்டு அலைவது? அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பரண் மேலிருந்து சாக்கை இழுத்துப் பாத்திரங்களை எடுத்துப் போட ஆரம்பித்திருந்தாள்.

"நிக்கிறியே, அந்தக் குண்டான எடு. ஜாடிய மட்டும் நான் மடியில வெச்சிக்கினு வரேன்."

சண்டையில் போனதைச் சொல்லி முடிக்கிறேன். பஹ்ரியில் மொத்தம் எத்தனை உயிர் போனது என்று எனக்குத் தெரியாது. எங்கள் மாடியில் ஒன்று. பாபுவின் வலது காது. பாபுவும்தான். அந்த டின்னைப் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறான். இப்போது எடுப்பதே இல்லை. மூன்று பேருக்கும் வேலை போனது. என் உடம்பில் ஒன்பது கிலோ போனது, அது திரும்பிவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஒரு வீடு போகிறது. போகட்டும்.

டின்னில் இருந்த மீன் பதினொன்று. சேகர் நான்கு. பாபு மூன்று. நான் நான்கு. இத்ரீஸ் இருபத்தொன்பது நாள் நோன்பிருந்தான். பெருநாள் காலையில் அவன் தின்றது ஒன்றுமில்லை.